பிரபலங்களின் ஜாதகத்தை அவர்கள் வாழ்க்கையோடு ஒப்பிட்டு வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒருவர் புகழ்பெற்ற பிறகு அவருடைய ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பத்தாம் இடம் எவ்வளவு பலம் பாருங்கள்" என்று சொல்வதற்குப் பெரிய ஜோதிட அறிவு தேவையில்லை. பன்னிரண்டு பாவகங்கள், ஒன்பது கிரகங்கள், பார்வை, சேர்க்கை, நவாம்சம், தசாபுத்தி, கோசாரம் என்று தேடுவதற்கு இவ்வளவு இடம் இருக்கும்போது, எந்த வாழ்க்கைக்கும் எந்தக் கட்டத்திலும் ஒரு காரணம் அகப்பட்டுவிடும். அப்படி அகப்படுவதைப் பலன் என்று எழுதிவிடுகிற பழக்கம்தான் பிரபலங்களின் ஜாதகம் பற்றிய எழுத்தில் பெரும்பகுதியைப் பயனற்றதாக ஆக்கியிருக்கிறது.

ஆனால் இந்த ஜாதகங்களுக்கு வேறெதிலும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. நம்மிடம் பலன் கேட்டு வருகிறவர் தன் வாழ்க்கையைத் தானே நினைவிலிருந்து சொல்கிறார்; அவர் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை. பிரபலத்தின் வாழ்க்கையோ நாள், மாதம், ஆண்டு என்று பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே ஜோதிட விதி ஒன்று எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை வாசகர் கண்முன்னாலேயே காட்ட முடியும். பொருந்தாத இடத்தையும் காட்டுவதற்கு மனம் இருந்தால் மட்டுமே இந்தப் பயிற்சிக்குப் பொருள் உண்டு. கீழே சொல்லும் முறை அந்த நோக்கத்தோடு அமைந்தது. லக்னம், பாவகம், ஆட்சி, உச்சம், நீசம், விம்சோத்தரி தசை ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவர்களை மனத்தில் வைத்து, நிராயன (நட்சத்திரங்களை ஒட்டி ராசிகளை அளக்கும்) முறையிலான பராசர மரபைப் பின்பற்றி எழுதுகிறேன்.

முதல் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பிறந்த நேரத்தின் தரத்தைப் பாருங்கள்

பெரும்பாலோர் முதலில் பிடித்த நபரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அவருடைய பிறந்த நேரத்தைத் தேடுகிறார்கள். இது தலைகீழான வரிசை. நேரம் நம்பகமாகக் கிடைக்கிறவர்களின் பட்டியலிலிருந்துதான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமெரிக்க ஜோதிடர் லோயிஸ் ராடன் பிறப்புத் தரவுகளுக்கு ஒரு தர அளவை உருவாக்கினார். பிறப்புப் பதிவேட்டிலோ சான்றிதழிலோ நேரம் எழுதப்பட்டிருந்தால் அது ஏஏ. சம்பந்தப்பட்டவரோ குடும்பத்தாரோ நினைவிலிருந்து சொன்னது ஏ. வாழ்க்கை வரலாற்று நூலில் காணப்படுவது பி. மூலம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பது சி. ஒன்றோடொன்று முரண்படும் நேரங்கள் உலவினால் டிடி. நேரமே இல்லாவிட்டால் எக்ஸ். எந்த மரபில் ஜோதிடம் பார்ப்பவருக்கும் இந்த அளவுகோல் பயன்படும். ஏஏ, ஏ என்ற இரண்டைத் தாண்டி இறங்காமல் இருப்பது நல்லது.

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1879 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் உல்ம் நகரில் முற்பகல் 11.30 மணிக்குப் பிறந்தார் என்று பிறப்புப் பதிவேடு சொல்கிறது. பராக் ஒபாமா 1961 ஆகஸ்ட் 4 அன்று ஹொனலுலுவில் மாலை 7.24க்குப் பிறந்தார் என்பது 2011இல் வெளியிடப்பட்ட சான்றிதழில் இருக்கிறது. இப்படிப்பட்டவைதான் தொடங்குவதற்கு ஏற்ற ஜாதகங்கள்.

காந்தியடிகளின் ஜாதகம் இதற்கு நேர்மாறான பாடம். 1869 அக்டோபர் 2, போர்பந்தர் என்பதில் ஐயமில்லை. காலை நேரத்துப் பிறப்பு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். மணி நிமிடத்தில்தான் வேறுபாடு. அன்று சூரியன் கன்னியில் ஏறத்தாழ 17 பாகையில் இருந்தது. உதயத்தில் லக்னமும் அதே பாகையில் இருக்கும் என்பதால், போர்பந்தரின் உள்ளூர் நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்னாலேயே கன்னி முடிந்து துலாம் தொடங்கிவிடும். புதன், சுக்கிரன், செவ்வாய் மூன்றும் துலாத்தில். லக்னம் துலாம் என்றால் மூன்று கிரகங்களும் லக்னத்திலேயே நிற்கின்றன. கன்னி என்றால் அவை இரண்டாம் இடத்துக்குப் போகின்றன. முன்னதற்கு ஒரு விதமான காந்தியும் பின்னதற்கு வேறு விதமான காந்தியும் கிடைப்பார்கள். பெரும்பாலோர் துலா லக்னத்தை எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அதையே ஏற்கிறேன். ஆனாலும் இத்தகைய ஜாதகத்தில் பாவக பலனை அறுதியிட்டு எழுதுவது துணிச்சலே அன்றி ஆய்வு அல்ல.

நேரம் தெரியாதவரை விட்டுவிட மனமில்லை என்றால், சந்திரனை லக்னமாகக் கொண்டு கிரகங்களின் ராசி நிலையை மட்டும் வாசிக்கலாம். அன்று சந்திரன் ராசி மாறியதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். லக்னமும் பாவகமும் தசா இருப்பும் (பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதமுள்ள காலம்) பற்றிப் பேசக் கூடாது.

இரண்டாம் படி: கடிகாரத்தையும் நாட்காட்டியையும் சரிசெய்யுங்கள்

ஏஏ தரத்து நேரமும் தவறான கணக்கில் போட்டால் வீண். லக்னம் ஒரு பாகை நகர ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆகின்றன. ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தின் லக்னம் பதின்மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. அரைமணி நேரப் பிழை என்பது நவாம்சத்தில் இரண்டு ராசிப் பிழை.

இந்தியாவுக்குப் பொதுவான நேரம் 1906இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு உள்ளூர் நேரத்தைக் கொள்ள வேண்டும். கல்கத்தாவும் பம்பாயும் அதன் பிறகும் பல ஆண்டுகள் தங்கள் பழைய நேரத்தைத் தொடர்ந்தன. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை போர்க்காலத்தை முன்னிட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. 1942 அக்டோபர் 11இல் பிறந்த அமிதாப் பச்சனைப் போன்றவர்களின் ஜாதகத்தில் இந்த ஒரு மணி நேரத்தைக் கவனிக்காமல் போனால் லக்னமே அடுத்த ராசிக்குப் போய்விடக் கூடும். ஜெர்மனியில் பொது நேரம் 1893இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஐன்ஸ்டைனின் 11.30 என்பது உல்மின் உள்ளூர் நேரம், கிரீன்விச் கணக்கில் முற்பகல் 10.50. மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்துவிட்டு அது எந்த நேர வேறுபாட்டை எடுத்துக்கொண்டது என்று பார்க்காமல் விடுவது, இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

பழங்காலத்தவர் என்றால் நாட்காட்டிச் சிக்கலும் சேரும். ஐசக் நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தார் என்பது அன்று இங்கிலாந்தில் வழங்கிய ஜூலியன் கணக்கு. இன்றைய கிரிகோரியன் கணக்கில் அது 1643 ஜனவரி 4. ரஷ்யா 1918இல்தான் மாறியது.

மூன்றாம் படி: கட்டத்தைத் திறப்பதற்கு முன் வாழ்க்கையை எழுதி முடியுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஜாதகத்தைப் பார்க்காமலே, ஒரு தாளில் அந்த நபரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை இருபது முதல் முப்பது வரிகளுக்குள் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறப்பு, பெற்றோரின் மறைவு, கல்வி, திருமணம், பிரிவு, பதவி, தோல்வி, நோய், இடமாற்றம், பெரும்படைப்பு, மறைவு. நாள் தெரியாவிட்டால் ஆண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது அந்த வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்று மூன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பெண் போட்டுவிடுங்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், கட்டத்தை முதலில் பார்த்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதையே தேடும். ஏழாம் இடத்தில் சனியைப் பார்த்த பிறகு திருமண வாழ்க்கையின் கசப்பு மட்டுமே வரலாற்றிலிருந்து எழுந்து வரும். நாற்பது ஆண்டு நல்ல இல்லறம் மறைந்துவிடும். மதிப்பெண்ணை முன்பே எழுதி வைத்தால், தசை பொருந்தாத பெரிய நிகழ்ச்சியைப் பிறகு "அது அவ்வளவு முக்கியமில்லை" என்று ஒதுக்க முடியாது.

வெற்றுக் காலங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எதுவுமே நடக்காத ஐந்தாறு ஆண்டுகள் ஒருவர் வாழ்க்கையில் இருந்தால், அந்த ஆண்டுகளில் ஜாதகம் என்ன சொல்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். இதை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

நான்காம் படி: அயனாம்சத்தை முடிவுசெய்து, பிறகு மாற்றாதீர்கள்

வசந்த விஷுவத்தில் தொடங்கும் ராசிச் சக்கரத்துக்கும் நட்சத்திரங்களை ஒட்டிய ராசிச் சக்கரத்துக்கும் இடையே உள்ள பாகை வேறுபாடே அயனாம்சம். லாகிரி, ராமன், கிருஷ்ணமூர்த்தி என்று அயனாம்சங்கள் பல. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, லாகிரி அயனாம்சமே இந்திய அரசின் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையானது. ராமன் அயனாம்சம் அதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வேறுபடுகிறது. ஒன்றரைப் பாகை என்பது சிறியதாகத் தோன்றும். தசையில் அது என்ன செய்கிறது என்பதற்கு ஜவகர்லால் நேருவின் ஜாதகம் நல்ல சான்று.

1889 நவம்பர் 14, அலகாபாத், இரவு 11 மணியைத் தாண்டிய பிறப்பு. கடக லக்னம், சந்திரன் கடகத்திலேயே, ஆயில்ய நட்சத்திரத்தில். ஆகவே பிறக்கும்போது புதன் தசை. லாகிரி கணக்கில் புதன் தசையின் இருப்பு பதினைந்தரை ஆண்டுகளை ஒட்டி வருகிறது. ராமன் கணக்கில் பதின்மூன்றரை ஆண்டுகளை ஒட்டி வருகிறது. அங்கிருந்து கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10 என்று கூட்டிக்கொண்டு போனால், செவ்வாய் தசை ராமன் முறையில் 1946இன் நடுப்பகுதியிலும் லாகிரி முறையில் 1948இலும் தொடங்கும்.

நேரு இடைக்கால அரசுக்குப் பொறுப்பேற்றது 1946 செப்டம்பர் 2. பிரதமரானது 1947 ஆகஸ்ட் 15. கடக லக்னத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் உரிய செவ்வாய் யோககாரகன் (சிறப்பான நற்பலன் தரும் கிரகம்). ஆகவே ராமன் முறைக்காரர், "யோககாரகன் தசை தொடங்கியதும் ஆட்சி வந்தது" என்கிறார். லாகிரி முறைக்காரர் கவலைப்படவில்லை. லக்னாதிபதி சந்திரன் லக்னத்திலேயே ஆட்சியாக நிற்கிறார், அவர் தசையின் கடைசியில் ஆட்சி வந்தது என்கிறார். இரண்டும் மரபுக்கு உட்பட்ட விளக்கங்களே. ஆனால் இரண்டு வெவ்வேறு கணக்குகளுக்கும் ஒரே நிகழ்ச்சி இவ்வளவு எளிதாகப் பொருந்துகிறது என்றால், அந்தப் பொருத்தம் எந்தக் கணக்கையும் நிரூபிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். நிகழ்ச்சிக்கு ஏற்ப அயனாம்சத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை உங்களுக்கு நீங்களே மறுத்துவிட வேண்டும். நான் இங்கே லாகிரியைப் பயன்படுத்துகிறேன்.

ஐந்தாம் படி: கட்டத்தை முழுதாக வாசியுங்கள், ஒற்றை விதியால் வாசிக்காதீர்கள்

இப்போது ஐன்ஸ்டைனின் ஜாதகத்துக்கு வருவோம். மிதுன லக்னம். மீனத்தில், அதாவது பத்தாம் இடத்தில், சூரியன், புதன், சனி, சுக்கிரன் நால்வர். கும்பத்தில் குரு. மகரத்தில் செவ்வாயும் ராகுவும். விருச்சிகத்தில் சந்திரன், கேட்டை நட்சத்திரம்.

பெயரை மறைத்துவிட்டு இந்தக் கட்டத்தைத் தொடக்கநிலை மாணவர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன சொல்வார்? லக்னாதிபதி புதன் மீனத்தில் நீசம்; போதாததற்குச் சூரியனுக்குப் பத்துப் பாகைக்குள் இருப்பதால் அஸ்தங்கதம் (சூரிய ஒளியில் மறைந்து வலுவிழத்தல்). கணிதத்துக்கும் அறிவுக்கும் காரகனே புதன்தான். மனக்காரகன் சந்திரனும் நீசமாகி, ஆறாம் இடத்தில் மறைந்திருக்கிறார். இவருக்குப் படிப்பு ஏறாது, மனத் தெளிவும் இருக்காது என்று அவர் எழுதிவிடக் கூடும். இருபதாம் நூற்றாண்டின் இயற்பியலைத் திருப்பிப் போட்டவரின் ஜாதகம் இது.

மரபு அறிந்தவர் இதற்கு மேல் போவார். புதன் நீசமான மீனத்திலேயே சுக்கிரன் உச்சம், அந்த வீட்டுக்குரிய குரு சந்திரனுக்குக் கேந்திரத்தில் (1, 4, 7, 10ஆம் இடங்களில் ஒன்றில்), ஆகவே நீசபங்கம் (நீசத்தின் குறை நீங்குதல்). அதைவிடப் பெரியது, ஒன்பதுக்குரிய சனி பத்திலும் பத்துக்குரிய குரு ஒன்பதிலும் நின்று பரிவர்த்தனை ஆகியிருப்பது. தர்மகர்மாதிபதி யோகம் என்று நூல்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்த வாசிப்பில் வலு இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நீசபங்கத்தை நாம் தேடிப் போனது, இவர் ஐன்ஸ்டைன் என்று தெரிந்ததால். பெயர் தெரியாத ஒருவரின் கட்டத்தில் இதே அமைப்பு இருந்தால் அதே உறுதியோடு நீசபங்கத்தைச் சொல்லியிருப்போமா? இந்தக் கேள்வியை நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், உச்சச் செவ்வாய் என்றதும் படைத்தலைமையும் போர்க்குணமும் நினைவுக்கு வருகின்றன. இந்த மனிதரோ வாழ்நாளில் பெரும்பகுதியும் போரை எதிர்த்தவர். எட்டில் மறைந்ததால் அப்படி என்று சமாதானம் சொல்லலாம்தான். சொல்வதாக இருந்தால், எட்டில் உச்சச் செவ்வாய் உள்ள வேறு ஜாதகங்களுக்கும் அதையே சொல்வேன் என்று எழுதிக் கையொப்பமிடத் தயாராக இருக்க வேண்டும்.

வாசிக்கும் வரிசையைப் பொறுத்தவரை லக்னம், லக்னாதிபதி, சந்திரன், பத்தாம் இடம், யோகங்கள், நவாம்சம் என்று போவது வழக்கம். அதில் மாற்றம் தேவையில்லை. யோகங்களின் பட்டியலைப் பற்றி மட்டும் ஒரு சொல். கெஜகேசரி யோகம் என்பது குரு சந்திரனுக்குக் கேந்திரத்தில் நிற்பது. பன்னிரண்டு ராசிகளில் நான்கு இடம் கேந்திரம் என்பதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மனிதர்களுக்கு அது இருக்கும். இவ்வளவு பேரிடம் இருக்கிற ஒன்றை ஒருவருடைய தனிப்புகழுக்குக் காரணமாகக் காட்டக் கூடாது. அரிதான அமைப்பையே எடுத்துப் பேச வேண்டும்.

ஆறாம் படி: தசாபுத்தியை நிகழ்ச்சிகளோடு பொருத்துங்கள்

மூன்றாம் படியில் எழுதிய தாள் இப்போதுதான் வெளியே வர வேண்டும். ஐன்ஸ்டைனுக்குக் கேட்டை என்பதால் பிறப்பில் புதன் தசை. அதன் இருப்பு பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஏழு ஆண்டுகள் கேது தசை. சுக்கிர தசை 1895இன் இறுதியிலிருந்து 1915இன் இறுதி வரை. மிதுனத்துக்கு ஐந்துக்குரியவர், பத்தில் உச்சம். 1905இன் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரைகளும், 1915 நவம்பரில் முடிந்த பொதுச் சார்பியலும் இந்த இருபது ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன. அடுத்து 1921இன் இறுதி வரை பத்தில் நிற்கும் சூரியனின் தசை. 1919 கிரகணத்தின்போது எடுத்த அளவீடுகள் அந்த ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டு அவர் உலகப் புகழ் பெற்றது இதில். எட்டில் ராகுவோடு சேர்ந்த செவ்வாயின் தசை 1931இன் இறுதியில் தொடங்குகிறது. 1932 டிசம்பரில் அவர் ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார், திரும்பவே இல்லை. பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. நோபல் பரிசு மட்டும் 1921ஆம் ஆண்டுக்குரியதாக 1922இல் அறிவிக்கப்பட்டதால், ஆறில் நீசமான சந்திரனின் தசையில் விழுகிறது. அதை மறைக்காமல் பொருந்தாத பக்கத்தில் எழுதுகிறோம்.

இதைவிட விரிவான பயிற்சிக்கு இந்திரா காந்தியின் ஜாதகம் ஏற்றது. 1917 நவம்பர் 19, அலகாபாத், இரவு 11 மணியைத் தாண்டிய பிறப்பு. கடக லக்னம். கடகத்தில் சனி, மகரத்தில் சந்திரன். சிம்மத்தில் செவ்வாய், விருச்சிகத்தில் சூரியன். ரிஷபத்தில் குரு, தனுசில் சுக்கிரன். இந்த ஆறும் இரண்டிரண்டாக ஒன்றின் வீட்டில் மற்றொன்று மாறி நிற்கின்றன. இப்படி மூன்று பரிவர்த்தனைகள் ஒரே ஜாதகத்தில் அமைவது அரிது. முந்தைய படியில் சொன்ன அரிதான அமைப்பு என்பது இப்படிப்பட்டதைத்தான்.

உத்திராடம் என்பதால் பிறப்பில் சூரிய தசை, இருப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். கணக்கிட்டு வந்தால் குரு தசை 1954இன் பிற்பகுதியிலிருந்து 1970இன் பிற்பகுதி வரையும், அதன்பின் சனி தசையும் நடக்கின்றன. ஒன்பதுக்குரிய குரு பதினொன்றில். 1966 ஜனவரியில் பிரதமர் பதவி. சனி தசையின் சுயபுத்தியில் (தசையின் உட்பிரிவுகளான புத்திகளில் சனிக்கே உரியது) 1971இன் தேர்தல் வெற்றியும் போர் வெற்றியும். பன்னிரண்டுக்குரிய புதனின் புத்தியில், 1975 ஜூனில், நெருக்கடி நிலை. பன்னிரண்டில் நிற்கும் கேதுவின் புத்தியில், 1977 மார்ச்சில், தோல்வி. சுக்கிர புத்தியில், 1980 ஜனவரியில், மீண்டும் ஆட்சி. 1984இன் நடுப்பகுதியில் ராகு புத்தி தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று கொலையுண்டார்.

இதன் மேல் கோசாரத்தை, அதாவது அந்தந்தக் காலத்தில் கிரகங்கள் சஞ்சரித்த நிலையை, வையுங்கள். தோல்வியின்போது சனி கடகத்தில், அதாவது மகர ராசிக்கு ஏழில், கண்டகச் சனியாக, அவருடைய பிறவிச் சனி நின்ற ராசியிலேயே சஞ்சரித்தது. பிறகு 1977இன் பிற்பகுதியில் சிம்மத்துக்குள், அதாவது மகர ராசிக்கு எட்டில், நுழைந்து அஷ்டமச் சனியானது; 1979 நவம்பரில் கன்னிக்கு மாறியது. ஆட்சியில் இல்லாத காலமும் அஷ்டமச் சனிக் காலமும் ஏறத்தாழ ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் வாசகர்கள் வியப்பார்கள்.

முடிக்காதீர்கள். சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகும். இதே சந்திரனுக்கு இதற்கு முந்தைய அஷ்டமச் சனி 1948 முதல் 1950 வரை. அந்த ஆண்டுகளில் பிரதமரின் மகளாகத் தில்லியில் இருந்த அவருடைய வாழ்க்கையில், 1977க்கு ஒப்பான வீழ்ச்சி எதுவும் பதிவாகவில்லை. தசை வேறு என்று விடை சொல்லலாம். அது நியாயமான விடைதான். அப்படியானால் வீழ்ச்சிக்குக் காரணம் அஷ்டமச் சனி என்று தனியாக எழுதக் கூடாது, தசையோடு சேர்ந்தே எழுத வேண்டும். மகர ராசியில் பிறந்த எல்லோருக்கும், அதாவது மக்களில் பன்னிரண்டில் ஒருவருக்கு, அப்போது அதே அஷ்டமச் சனிதான் நடந்தது என்பதும் கூடவே நினைவிருக்கட்டும்.

நேரத் திருத்தம் செய்பவர்கள் இந்தப் படியில்தான் ஒரு வட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். நிகழ்ச்சிகள் தசைக்குப் பொருந்தும்வரை பிறந்த நேரத்தை நகர்த்திவிட்டு, பிறகு "பாருங்கள், எல்லா நிகழ்ச்சிகளும் பொருந்துகின்றன" என்று எழுதினால், அது தானே வைத்த பொருளைத் தானே கண்டெடுப்பதைப் போன்றது. திருத்தம் தவிர்க்க முடியாதது என்றால் நிகழ்ச்சிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதியை வைத்து நேரத்தைத் திருத்துங்கள். தொடாமல் வைத்திருக்கும் மறுபாதியை வைத்துச் சோதியுங்கள்.

ஏழாம் படி: கட்டத்தை மாற்றி வைத்துச் சோதியுங்கள்

இது எளிய சோதனை, ஆனால் மனத்துக்குக் கொஞ்சம் கசக்கும். நீங்கள் எழுதிய வாழ்க்கைத் தாளை அப்படியே வைத்துக்கொண்டு, அதே தலைமுறையைச் சேர்ந்த வேறொருவரின் ஜாதகத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். அதே கவனத்தோடு அந்த வாழ்க்கைக்கும் இந்தக் கட்டத்துக்கும் விளக்கம் எழுதுங்கள். இரண்டாவது விளக்கமும் முதலாவதைப் போலவே நன்றாக வந்தால், முதலாவதில் ஜாதகம் பேசவில்லை, உங்கள் திறமை பேசியிருக்கிறது. நான் ஐன்ஸ்டைனின் தாளோடு வேறொரு கட்டத்தை வைத்து இதைச் செய்தபோது, பாதிக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்கு மரபுக்கு உட்பட்ட காரணங்கள் கிடைத்துவிட்டன. அன்றிலிருந்து என் எழுத்தின் தொனி மாறியது.

மற்றவர்கள் செய்த சோதனைகளையும் அறிந்திருக்க வேண்டும். ஷான் கார்ல்சன் 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஜாதகத்துக்குரிய ஆளுமைக் குறிப்பை மூன்று குறிப்புகளிலிருந்து ஜோதிடர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே மூன்றில் ஒன்று சரியாக வரும், அவர்களுடைய விடைகளும் அதே அளவில்தான் இருந்தன. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்திய ஜோதிட முறையையே சோதித்தது. நன்கு படிக்கும் மாணவர்கள் நூறு பேர், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் நூறு பேர் என்று இருநூறு ஜாதகங்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் நாற்பது. விடை அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பதை ஒட்டி வரும்.

பிரபலங்களைப் பொறுத்தவரை முக்கியமானது பிரான்சின் மிஷெல் கோக்லனின் ஆய்வு. அந்நாட்டுப் பிறப்புப் பதிவேடுகளில் நேரம் எழுதப்படுவதைப் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கானவர்களின் தரவுகளைத் திரட்டி, சிறந்த விளையாட்டு வீரர்கள் பிறக்கும்போது செவ்வாய் உதயத்தையோ உச்சிவானத்தையோ கடந்த பகுதியில் இருப்பது வழக்கத்தைவிட அதிகம் என்று 1955இல் எழுதினார். பின்வந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியது: "சிறந்த வீரர்" யார் என்பதை முடிவுசெய்தவர்களுக்கு அவர்களுடைய கிரக நிலை முன்பே தெரிந்திருந்ததா? ஒருவரைப் பட்டியலில் சேர்ப்பதும் விடுவதும் ஜாதகத்தைப் பார்த்த பிறகு நடந்தால் எந்த எண்ணிக்கையும் நம்பத் தகுந்தது ஆகாது. அரசியல் தலைவர்களின் பத்தாம் இடம் பற்றி நீங்கள் எழுதப் போகிறீர்கள் என்றாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்; பெயர்களை முதலில் முடிவுசெய்து, பூட்டிவிட்டு, அதன் பிறகே கட்டங்களைத் திறக்க வேண்டும்.

எட்டாம் படி: எழுதும்போது

கட்டுரையின் தொடக்கத்திலேயே பிறந்த தேதி, நேரம், ஊர், நேரத்தின் மூலம், அதன் தரம், எடுத்துக்கொண்ட நேர வேறுபாடு, அயனாம்சம் ஆகியவற்றை ஒரே பத்தியில் கொடுத்துவிடுங்கள். இவை இல்லாத ஜாதகக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

வாழ்ந்துகொண்டிருப்பவர்களைப் பற்றி எழுதும்போது ஆயுள், நோய், குடும்ப வாழ்க்கை பற்றிய ஊகங்களைத் தவிர்த்துவிடுங்கள். புகழ்பெற்றவர் என்பதால் அவருடைய எட்டாம் இடம் பொதுச்சொத்து ஆகிவிடாது. அவருடைய பிள்ளைகளின் ஜாதகம் நிச்சயமாக ஆகாது. பொதுவாழ்க்கையில் நடந்து முடிந்தவை போதும்.

கட்டுரையின் உடலில் பொருந்தியவற்றையும் பொருந்தாதவற்றையும் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கொடுங்கள். முப்பது நிகழ்ச்சிகளை எழுதி வைத்திருந்தால் முப்பதுக்கும் கணக்கு வர வேண்டும். பதினெட்டு பொருந்தின, எட்டு பொருந்தவில்லை, நான்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை என்பதைப் போல. மாற்றி வைத்த கட்டத்துக்குக் கிடைத்த எண்ணிக்கையையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு, இந்த ஜாதகத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரே ஒரு விதியை, அடுத்து எந்த நபரின் ஜாதகத்தில் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைப் பெயரோடு அறிவித்துவிடுங்கள். அந்த நபரின் கட்டத்தை அதுவரை நீங்கள் திறந்து பார்த்திருக்கக் கூடாது.